ஊர் கூடி இழுக்கும் தேர்: பொது மென்பொருளில் நமது பங்கு

தானங்களில் பலவகை உண்டென்பதை நம் அன்பர்கள் நன்கு அறிவார்கள். அன்னதானம், வித்தியாதானம், ஏழை மாணவர்க்கு உபகாரச் சம்பளம், நோயாளிகளுக்கு மருத்துவ உதவி என நம் அறநிலையத்தின் ஆதரவில் ஆண்டுதோறும் நடைபெறும் பணிகளைப் பற்றி இம்மலரின் பிற பக்கங்களில் படித்திருப்பீர்கள். இவற்றோடு நம் காலத்தில் புதிதாக ஒரு தானமும் சேர்ந்திருக்கிறது. முகமறியாத எவருக்கோ பயன்படும் பொருட்டு, பல நாட்டவர் கூடிக் கணினி மென்பொருளைச் செய்து பொதுவில் வைக்கும் தொண்டுதான் அது.

நான் பணி ஓய்வு பெற்ற அலுவலக எழுத்தர். கணினிக்கு நிரல் எழுத எனக்குத் தெரியாது. ஆயினும் கடிதம், கணக்கு, அழைப்பிதழ் முதலியவற்றைத் தயாரிக்க உதவும் 'லிப்ரே ஆஃபிஸ்' என்னும் மென்பொருளின் தமிழாக்கத்திலும், அதன் குறைகளைத் தெரிவிக்கும் பணியிலும் சில ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகிறேன். இதைக் கேள்விப்படும் நண்பர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். இதற்கு உரிமையாளர் யார்? பணம் எங்கிருந்து வருகிறது? கணினித் துறை படிக்காத நம்மால் என்ன செய்ய முடியும்? இம்மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமையலும் செய்முறையும்

கடையில் வாங்கும் பலகாரம் நம் கைக்கு வருகிறது. அதன் செய்முறை கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. உப்புக் கூடினாலும் நாம் மாற்ற முடியாது. கடை மூடப்பட்டால் அந்தச் சுவையும் போய்விடும். பெரும்பாலான வணிக மென்பொருள்கள் இத்தகையவை. திறமூல மென்பொருளோ செய்முறையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. அதை எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம். இந்த உரிமைகள் வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்து வடிவ உரிமத்தால் உறுதி செய்யப்படுகின்றன.

ஆகவே, 'இலவசம்' என்ற சொல் இதன் முழுப் பொருளையும் தராது. விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் பல உண்டு. கொடுத்தவர் நினைத்தால் நாளையே அவற்றை நிறுத்திவிடலாம். திறமூல உரிமத்தின்கீழ் ஒருமுறை பொதுவில் வைத்ததை அவ்வாறு திரும்பப் பெற இயலாது. லிப்ரே ஆஃபிஸின் வரலாறே இதற்குச் சான்று.

கைமாறி வந்த கதை

1985ஆம் ஆண்டு ஜெர்மனியின் லூனெபர்க் நகரில் மார்கோ போரீஸ் என்னும் 16 வயது இளைஞர் 'ஸ்டார் டிவிஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் 'ஸ்டார் ஆஃபிஸ்' மென்பொருளை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு, 2000இல், அதன் மூல நிரலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 'ஓப்பன் ஆஃபிஸ்' என்ற பெயரில் உலகெங்குமுள்ள தொண்டர்கள் அதில் உழைத்தார்கள். எனினும் பெயரும் நிர்வாகமும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. நிரல் எழுதித் தருவோர் தம் படைப்புரிமையில் நிறுவனத்துக்கும் பங்கு தந்து கையொப்பமிட வேண்டியிருந்தது.

2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. பத்தாண்டுகள் உழைத்த தொண்டர்களுக்குக் கவலை பிறந்தது. புதிய உரிமையாளருக்கு இதில் ஆர்வமில்லாமற் போனால் இத்தனை பேரின் உழைப்பும் என்னாவது? அவர்கள் கூடி ஆலோசித்து, 2010 செப்டம்பர் 28ஆம் நாள் 'டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தார்கள். நிரல் திறந்திருந்ததால் அதை எடுத்துக்கொண்டு தனியே நடக்க எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே 'லிப்ரே ஆஃபிஸ்' என்று புதுப்பெயர் சூட்டி, 2011 ஜனவரி 25ஆம் நாள் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஓப்பன் ஆஃபிஸை ஆரக்கிள் நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது.

பழைய தேரின் வடம் பிறர் கையில் இருந்தது. ஆனால் தேர் செய்யும் வரைபடம் ஊரார் கையில் இருந்தது. அதனால்தான் ஓட்டம் நிற்கவில்லை.

அறக்கட்டளையும் மூலநிதியும்

நன்கொடையாளர்களான அன்பர்கள் இங்குச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். இனி ஒருபோதும் ஒரே கையில் சிக்கக் கூடாது என்று எண்ணிய தொண்டர்கள், கம்பெனியாகப் பதியாமல் ஜெர்மானியச் சட்டப்படி அறக்கட்டளையாகப் பதிய முடிவு செய்தார்கள். அதற்கு 50,000 யூரோ மூலநிதி வேண்டியிருந்தது. 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தபோது எட்டே நாட்களில் அத்தொகை சேர்ந்துவிட்டது. 2012 பிப்ரவரியில் அறக்கட்டளை பெர்லின் நகரில் முறைப்படி பதிவு பெற்றது.

நம் முன்னோர் ஒரு கட்டளைக்கு நிலத்தையோ வீட்டையோ எழுதி வைத்தால், அதன் வருமானத்தில்தான் உபயம் நடக்கும். மூலத்தில் கை வைக்க முடியாது. ஜெர்மானிய அறக்கட்டளைச் சட்டமும் இதையொத்ததே. மூலநிதியைக் கரைக்கக் கூடாது. எழுதி வைத்த நோக்கத்திற்குப் புறம்பாகச் செலவிடவும் கூடாது. அன்றாடச் செலவுகள் பெரும்பாலும் மக்கள் அனுப்பும் சிறு நன்கொடைகளால் நடக்கின்றன. கணினி வழங்கிகள், சிறு எண்ணிக்கையிலான ஊழியர்கள், ஆண்டு மாநாடு ஆகியவற்றுக்கு அப்பணம் செலவாகிறது. இவையன்றி, தம் தொழிலுக்கு இம்மென்பொருள் வேண்டுமென்பதால் சில நிறுவனங்களும் சொந்தச் செலவில் நிரலாளர்களை அமர்த்தி இதில் பணிபுரியச் செய்கின்றன. சம்பளம் பெறுபவரும் பெறாதவரும் ஒரே நிரலில்தான் உழைக்கிறார்கள்.

இன்னொரு சிறப்பும் உண்டு. இவ்வறக்கட்டளையில் உறுப்பினராகப் பணம் கொடுத்தால் போதாது. குறைந்தது மூன்று மாதங்களாவது ஏதேனும் ஒரு பணியைச் செய்திருக்க வேண்டும். மேலும் ஆறு மாதங்கள் தொடர்வதாக உறுதியளிக்க வேண்டும். நிரல் எழுதியவரும், மொழிபெயர்த்தவரும், கையேடு திருத்தியவரும் சமமான வாக்குரிமை பெறுகிறார்கள். அவர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தோர் குழுவைக் கைப்பற்றிவிடாதபடி விதிகளில் வரம்பும் இடப்பட்டிருக்கிறது.

உலகம் எந்த அளவு இதை நம்புகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஜெர்மனியின் வடகோடியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, தன் அலுவலகங்களிலுள்ள சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆஃபிஸுக்கு மாற்றுவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது.

பழைய மலர்களும் இதுவும்

இதனால் நம் போன்றோருக்கு என்ன என்று சிலர் கேட்கக் கூடும். 1990களில் நம் வட்டாரத்தில் வெளிவந்த திருவிழா மலர்களும் ஆண்டறிக்கைகளும் பெரும்பாலும் 'பேஜ்மேக்கர்' என்னும் மென்பொருளில் பக்கம் அமைக்கப்பட்டவை. தமிழ் எழுத்துருக்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் இருந்தன. ஒருவர் தட்டெழுதியது மற்றவர் கணினியில் கோணல்மாணலாகத் தெரியும். யூனிகோட் தரத்தில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும், அது நம் அச்சகங்களுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. இன்று பேஜ்மேக்கர் விற்பனையில் இல்லை. அக்காலக் கோப்புகள் எத்தனையோ அலமாரிகளில் திறக்க வழியின்றிக் கிடக்கின்றன. அவற்றில் நம் உபயதாரர்களின் பெயர்கள் இருக்கின்றன. இன்று நம்மிடையே இல்லாத பெரியவர்கள் எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன.

இத்தகைய பழங்கோப்புகளை மீட்பதற்கென்றே தொண்டர்கள் 2014இல் 'டாக்குமெண்ட் லிபரேஷன்' என்ற துணைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட மென்பொருள்களின் கோப்பு வடிவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றைத் திறக்கும் நிரல்களை எழுதிப் பொதுவில் வைப்பது அதன் பணி. அதன் பயனாக, 2015 ஜனவரியில் வெளியான 4.4ஆம் பதிப்பு முதல் லிப்ரே ஆஃபிஸால் பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறக்க முடிகிறது.

நண்பர் ஒருவர் வைத்திருந்த பழைய மலர்க் கோப்பு ஒன்றை இவ்வாறு திறந்து பார்த்தேன். பக்க அமைப்பு முழுதும் அப்படியே வரவில்லை. தமிழ்ப் பகுதி பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. பிறகு, பழைய எழுத்துருக் குறியீட்டை யூனிகோடாக மாற்றும் நிரல் ஒன்றில் அதை இட்டபோது, முப்பது ஆண்டுக்கு முந்தைய நன்றியுரை வரிவரியாகத் தெளிந்து வந்தது. அந்த மாற்றும் நிரலும் யாரோ ஒரு தொண்டர் எழுதிப் பொதுவில் வைத்ததுதான்.

இனி எழுதுவனவற்றுக்காவது இந்நிலை வரக்கூடாது. லிப்ரே ஆஃபிஸ் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் இலக்கணம் எல்லார்க்கும் தெரிந்தது என்பதால், எந்த நிறுவனம் இருந்தாலும் போனாலும் அக்கோப்புகளைப் படிக்க வழி இருக்கும்.

நாம் செய்யக்கூடிய பணிகள்

முதற்பணி, குறையைச் சரியாகச் சொல்வது. 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் எவராலும் உதவ முடியாது. மென்பொருளின் பதிப்பு எண், கணினியின் வகை, எந்த எந்தப் படிகளைச் செய்தீர்கள், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்பவற்றை வரிசையாக எழுத வேண்டும். எழுதுமுன் அதே குறையை வேறொருவர் ஏற்கெனவே தெரிவித்திருக்கிறாரா என்று தேட வேண்டும். ஓர் அறிக்கையில் ஒரு குறை மட்டுமே இருக்க வேண்டும். மாதிரிக் கோப்பை இணைப்பதாயின், நன்கொடையாளர் பெயர், தொலைபேசி எண் முதலியவற்றை நீக்கிவிட வேண்டும். அந்த அறிக்கை உலகம் முழுதும் காணத் திறந்திருப்பதாகும்.

இரண்டாம் பணி, பிறர் சொன்ன குறையைச் சோதிப்பது. புதிய அறிக்கை ஒவ்வொன்றும் முதலில் 'உறுதி செய்யப்படாதது' என்ற நிலையில் இருக்கும். வேறொருவர் தம் கணினியில் அதே படிகளைச் செய்து, 'எனக்கும் அவ்வாறே நிகழ்கிறது' என்றோ 'புதிய பதிப்பில் நிகழவில்லை' என்றோ எழுதினால், நிரலாளர்களின் நேரம் பெரிதும் மிச்சமாகும். பொறுமை இருந்தால் போதும். கணினிப் பட்டம் வேண்டியதில்லை.

மூன்றாம் பணி மொழிபெயர்ப்பு. திரையில் காணும் ஒவ்வொரு சொல்லும் தொடரும் 'வெப்லேட்' என்ற இணையக் கருவியில் பட்டியலாக வருகின்றன. ஆங்கிலத் தொடருக்கு நேராகத் தமிழை எழுதலாம். எளிதென்று தோன்றும், ஆனால் கவனம் மிக வேண்டும். 'ரைட்' என்று தனியே ஒரு சொல் வந்தால் அது வலப்பக்கமா, உரிமையா, சரியா? 'டேபிள்' என்பது நாற்காலிக்குத் துணையான மேசையன்று, அட்டவணை. 'செல்' என்பதைக் கலம் என்பதா, சிற்றறை என்பதா? சொல் எந்தத் திரையில் வருகிறது என்று பார்த்த பின்னரே எழுத வேண்டும். தொடரின் நடுவே விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஏதேனும் இருந்தால், அந்த இடத்தில் கணினி வேறொரு சொல்லை நிரப்பப் போகிறது என்று பொருள். அதை அழித்துவிட்டால் செய்தியே உடைந்துபோகும்.

தமிழகம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வழங்கும் கலைச்சொற்கள் சில சமயம் வேறுபடும். நம் ஊர்ச் சொல்லே சிறந்தது என்ற பிடிவாதம் இங்கு உதவாது. முன்னரே பயின்று வரும் சொல் புரியும்படி இருந்தால் அதையே தொடர்வது நல்லது. ஒரே பொருளுக்கு ஒரு திரையில் ஒரு சொல்லும் மறு திரையில் வேறு சொல்லும் இருந்தால் பயன்படுத்துவோர் குழம்புவார்கள். ஆறு மாதத்திற்கு ஒரு முறை பெரிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு முறையும் புதிய தொடர்கள் சேர்கின்றன. தமிழில் எழுத ஆளில்லையெனில் அவ்விடங்களில் ஆங்கிலமே நிற்கும். சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுப் போனால், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக எவருக்கும் உதவாத நிலை வந்துவிடும். மொழிபெயர்ப்பு ஒருமுறை கட்டி முடிக்கும் மண்டபம் அன்று. அன்றாடம் திரி தூண்ட வேண்டிய விளக்கு.

நான்காம் பணி நிரல் எழுதுதல். இது நம் இளைஞர்களுக்கு உரியது. புதியவர்க்கென்றே எளிய பணிகளின் பட்டியல் ஒன்றை அங்கு வைத்திருக்கிறார்கள். எழுதிய திருத்தத்தைக் 'கெர்ரிட்' என்னும் தளத்தில் சமர்ப்பித்தால், இயந்திரம் ஒருமுறை சோதிக்கும். பின்னர் அனுபவசாலி ஒருவர் வரிவரியாகப் படித்துக் கருத்துரைப்பார். மும்முறை நான்குமுறை திருப்பி அனுப்பினாலும் மனம் சோரக் கூடாது. முதல் திருத்தத்தின்போதே, 'என் உழைப்பை இன்ன உரிமத்தின்கீழ் அளிக்கிறேன்' என்று ஒரு மடல் எழுதித் தர வேண்டும். படைப்புரிமையை எவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அது எழுதியவரிடமே இருக்கும்.

சிறு பணிகளை இகழக் கூடாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஸ்டார் ஆஃபிஸ் ஜெர்மனியில் பிறந்ததாகையால், நிரலின் இடையிடையே எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் ஜெர்மன் மொழியில் இருந்தன. அம்மொழி அறியாத நிரலாளர்கள் திணறினார்கள். லிப்ரே ஆஃபிஸ் தொடங்கியதும், ஜெர்மன் அறிந்த தொண்டர்கள் ஆளுக்குச் சில கோப்புகளாக எடுத்து, அக்குறிப்புகளை ஆங்கிலத்தில் மாற்றத் தொடங்கினார்கள். முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதனால் மென்பொருளில் புதிய வசதி எதுவும் தோன்றவில்லை. ஆனால் பின்னர் வந்த நூற்றுக்கணக்கானோர் உள்ளே நுழைய அது கதவைத் திறந்துவிட்டது.

ஹங்கேரி நாட்டு நெமெத் லாஸ்லோ என்பவரையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அவர் தாய்மொழியும் நம் தமிழைப் போல் ஒரு சொல்லின் மேல் பல ஒட்டுகளை அடுக்கிச் செல்வது. ஆங்கிலத்திற்குச் செய்த பிழைதிருத்தி அதற்குப் போதவில்லை. ஆகவே ஒட்டுகளைப் புரிந்துகொள்ளும் 'ஹன்ஸ்பெல்' என்ற பிழைதிருத்தியை உருவாக்கிப் பொதுவில் வைத்தார். இன்று லிப்ரே ஆஃபிஸில் மட்டுமின்றி ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் அது இயங்குகிறது. தம் மொழிக்கென்று ஒருவர் ஏற்றிய விளக்கில் எத்தனையோ மொழிகள் வெளிச்சம் பெற்றுவிட்டன.

'யாரோ பார்த்துக்கொள்வார்கள்'

பொதுச் சொத்துக்கு வரும் பெரிய ஆபத்து பகைவரால் அன்று; 'யாரோ பார்த்துக்கொள்வார்கள்' என்ற எண்ணத்தால்தான் வருகிறது. இணையத்தில் வங்கிக் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற திறமூல மென்பொருளை உலகின் பெருநிறுவனங்களெல்லாம் பயன்படுத்தி வந்தன. 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெருங்குறை வெளிப்பட்டது. அப்போதுதான் பலருக்கும் ஓர் உண்மை தெரிந்தது. அதைப் பராமரித்தவர்கள் மிகச் சிலரே. அதற்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்து வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் மட்டுமே!

2024இல் மற்றொன்று நடந்தது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' என்ற சிறு கருவியை நெடுங்காலம் ஏறத்தாழ ஒருவரே தனியாகக் காத்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில் உதவியாளராக வந்த ஒருவர், ஓரிரு ஆண்டுகள் நல்லவராய் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் கள்ளவாயில் ஒன்றை உள்ளே பொருத்திவிட்டார். மார்ச் மாத இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்று அதைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் தேடிப் பார்க்க முடிந்தது. ஆனால் திறந்திருந்தால் மட்டும் போதாது. பார்ப்பதற்குக் கண்களும் வேண்டும், காப்பவருக்குத் துணையும் வேண்டும் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிக்கும் பாடம்.

தொடங்குவது எப்படி?

விருப்பமுள்ள அன்பர்கள் முதலில் மென்பொருளைத் தங்கள் கணினியில் நிறுவி, ஒரு மாதம் நாள்தோறும் பயன்படுத்திப் பாருங்கள். பயன்படுத்தாத பொருளுக்குத் தொண்டு செய்வது கடினம். பிறகு திரையின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். பிழையான சொல்லோ, ஆங்கிலமாகவே நிற்கும் தொடரோ கண்ணில் பட்டால் குறித்து வையுங்கள். பத்துக் குறிப்புகள் சேர்ந்ததும் ஒரு கணக்குத் தொடங்கி அவற்றை முன்மொழியுங்கள். வாரத்திற்கு ஒரு மணி நேரம் போதுமானது. ஒரே நாளில் நூறு தொடர்களை எழுதிவிட்டு மறைவதைக் காட்டிலும், வாரம் ஐந்து தொடர்களை ஓராண்டு முழுதும் எழுதுவதே பெரிதும் பயன்படும்.

தமிழாசிரியர்கள் சொற்களைச் சரிபார்க்கலாம். கணக்காளர்கள் கணக்கேட்டு வாய்பாடுகளைச் சோதிக்கலாம். ஓய்வு பெற்ற எழுத்தர்கள் கையேடுகளைத் திருத்தலாம். உயர்கல்விக் கூடங்களில் பயிலும் நம் பிள்ளைகள் நிரல் எழுதலாம்; அவர்கள் செய்த பணி அனைத்தும் பெயரோடும் தேதியோடும் அங்கே பதிவாகி நிற்பதால், பிற்காலத்தில் வேலை தேடும்போது அதுவே நற்சான்றாகும். நேரமில்லாதவர்கள் சிறு தொகையை அறக்கட்டளைக்கு அனுப்பலாம். சங்கங்களின் செயலவையினர், தங்கள் ஆவணங்களைத் திறந்த வடிவத்தில் சேமிப்பதென்று ஒரு தீர்மானம் இயற்றினாலே அது பெரிய தொண்டு.

இப்போது அந்த மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமாக விடை கூறிவிடலாம். உரிமையாளர் என்று தனியொருவர் இல்லை. பயன்படுத்தும் அனைவர்க்கும் அது உரியது. பணம், நன்கொடையாகவும் உழைப்பாகவும் பல திசைகளிலிருந்து வருகிறது. நாம் செய்யத் தக்கது, நமக்குத் தெரிந்த சிறு வேலையை விடாமல் செய்வது. வடத்தின் முன்வரிசையில் நிற்பவர் சிலரே. பின்னால் ஒரு கை கொடுக்க எவருக்கும் இடமுண்டு. இவ்வாண்டு நம்மவருள் ஐந்து பேராவது அவ்விடத்திற்கு வருவார்களாயின், அடுத்த பதிப்பில் ஆங்கிலமாகவே நிற்கும் தொடர்கள் சிலவேனும் குறையும்.